கட்டையில் வலது, துணியில் இடது

அச்சடிக்கிறேன் என்று சொன்னால், வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் மெஷினைத்தான் தேடுவார்கள். புதுக்கோட்டையில், திருக்கோகர்ணத்தில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுப்படி, மாடியில் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். கொட்டகையிலும் மெஷின் இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் முகம் சுண்டிப்போகும். பிறகு என் கையில் இருக்கும் குழம்புக் கரண்டியைப் பார்ப்பார்கள். அதுதான் மெஷின் என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. இதே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்குச் சிரிப்பு தீர்ந்துபோய்விட்டது.

காகிதத்துக்குக் கரண்டி போதும். செருப்புக்கு அடி போடுகிற ரப்பர் ஷீட்டைக் கீழராஜவீதிப் பக்கம் வாங்கி, பிளைவுட் துண்டில் ஒட்டி, படம் வரைந்து, வேண்டாத இடத்தையெல்லாம் செதுக்கி எடுத்துவிட வேண்டும். நான் அதைக் கட்டை என்பேன். செதுக்குவதற்குக் குடைக்கம்பி. பழைய குடையின் கம்பி நடுவில் பள்ளமாக இருக்கும்; அதை ஒடித்து, நுனியைக் கூராகத் தேய்த்து, பிடி போட்டுவிட்டால் ரப்பர் சுருள் சுருளாக வரும். பிறகு கண்ணாடித் தகட்டில் மையை வைத்து ரோலரால் உருட்ட வேண்டும். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சத்தம் கேட்டால் மை பதத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கட்டையில் மையேற்றி, மேலே காகிதத்தை விரித்து, கரண்டியின் முதுகால் ஓரம் விடாமல் தேய்த்தால் படம் காகிதத்துக்கு வந்துவிடும்.

துணிக்கு இந்தக் கதை நடக்காது. துணி நழுவும். கீழே கம்பளியை மடித்துப் போட்டு, அதன்மேல் துணியை விரித்து, கட்டையைக் கவிழ்த்து வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்க வேண்டும். நான் ஏறி நின்றுவிடுவேன். மயில், மாங்காய், குத்துவிளக்கு எதுவானாலும் ஏறி நிற்பதுதான் வசதி. சாமி படம் என்றால் மட்டும் கால் வைக்க மாட்டேன். அதற்கு முட்டி போட்டு, இரண்டு கையையும் ஊன்றி அழுத்துவேன். மறுநாள் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கும், ஆனாலும் மாற்றிக்கொண்டதில்லை.

முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராக இருந்தேன். ஓவிய வகுப்பை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, வீட்டுக்கு வந்துவிட்டேன். வகுப்பில் வெண்டைக்காயை வெட்டி மை தொட்டு வைத்துப் பிள்ளைகளுக்குப் பூப்போடக் காட்டியவள் நான்; அந்தப் பூ எனக்கே பிடித்துப்போய், ரப்பர், குடைக்கம்பி என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. தெரிந்தவர்கள் கேட்டால் துணிப்பை, திரைச்சீலை, வாழ்த்து அட்டை அடித்துக் கொடுப்பேன். "வீட்ல சும்மா இருக்குறதுக்கு நல்ல டைம் பாஸ்" என்று சொல்கிறவர்களுக்கு அடித்துக் கொடுப்பதில்லை.

என் கணவரின் அண்ணன் குடும்பம் கந்தர்வக்கோட்டையில் இருக்கிறது. அண்ணனை நான் அத்தான் என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். எங்களுக்குள் பகை என்று எதுவும் கிடையாது. ஆனால் ஒருவர் சமையலை இன்னொருவர் வாய்விட்டுப் புகழ்ந்ததும் கிடையாது. அவர்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலமும் ஒரு முந்திரித் தோப்பும் உண்டு. தோப்பை அத்தான் பார்ப்பார், அத்தானை அக்கா பார்ப்பார். சொந்தத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் வாசலில் நின்று வெற்றிலை பாக்கு கொடுப்பது அக்காதான். அதை யாரும் அவருக்கு ஒதுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார், மற்றவர்கள் விட்டுவிட்டோம். மூத்த பையன் என்ன படிக்கிறான், ஆஸ்பத்திரியில் இருந்த மாமியார் எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வலது கையை நீட்டுவார். இடது கை வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்படிக் கொடுத்தால்தான் அவர் கணக்கில் கொடுத்ததாக ஆகும்.

இடது கை விஷயத்தில் அக்கா போலீஸ். சின்னக் குழந்தை இடது கையால் மிட்டாய் நீட்டினால்கூட வாங்க மாட்டார். கையை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவார். எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று ஒரு கையில் தட்டு இருந்த அவசரத்தில், நான் இடது கையால் யாருக்கோ குங்குமச் சிமிழை நீட்டிவிட்டேன்.

"ஏத்தா, அந்தக் கை எதுக்குன்னு ஒனக்கு யாரும் சொல்லித் தரலையா?" என்று அக்கா எல்லார் முன்னாலும் கேட்டார்.

ஹாலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். சொந்த வீட்டில், பட்டுச் சேலையில், காது சிவக்க நின்றேன். அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவே இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போன ஆடி மாதத்தில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. கால், இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. மடியில் எடுத்து வைத்தால் மடியிலேயே கிடக்கும். இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடப் பழகினார், அதுவும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. விசேஷங்களுக்குப் போவதை அடியோடு நிறுத்திவிட்டார். கேட்டால் முட்டி வலி என்பார்.

அப்படி இருக்கும்போதுதான் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பாப்பா என்றே நாங்கள் கூப்பிட்டுப் பழகிய பெண், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். தை மாதம் கல்யாணம், மார்கழி பிறந்ததும் எனக்குப் போன் செய்தாள்.

"சித்தி, அம்மா மண்டபத்துல ரூம விட்டு வெளிய வரமாட்டேன்னு சொல்லுது. வாசல்ல நின்னு தாம்பூலப் பை குடுக்கணும்ல, அதுக்கு ஒங்கள நிக்கச் சொல்லிருச்சு."

"ஏனாம்?"

"இடது கையால குடுத்து எம் மக கல்யாணத்த அசிங்கப்படுத்தணுமான்னு கேக்குது. அப்பா சொல்லிப் பாத்துட்டாரு. நான் அழுதும் பாத்துட்டேன்." பிறகு சொன்னாள்: "பைய நீங்க அடிச்சுத் தாங்க சித்தி. அம்மா படத்தப் போட்டு அடிங்க. தன் படம் இருக்குற பைன்னா ஒருவேளை வந்து நிக்கும்."

எனக்கு அக்காவோடு ஆயிரம் இருக்கும். ஆனால் பெற்ற மகள் கல்யாணத்தில் அவர் ஓர் அறைக்குள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வாசலில் நான் நின்று அவர் இடத்தில் சிரித்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தபோது எனக்குச் சகிக்கவில்லை. அடித்துத் தருகிறேன் என்று சொன்னேன்.

படம் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் கிரகப்பிரவேசத்தில் எடுத்த போட்டோவிலேயே அக்கா இருந்தார். கொண்டை, இரட்டை மூக்குத்தி, நீட்டிய வலது கையில் வெற்றிலைத் தட்டு, முழங்கையைத் தொட்டபடி இடது கை. படத்திலாவது அந்தக் கையை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் என்மேல் எனக்கே கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

தப்பு எங்கே நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கட்டையில் இருப்பது துணியில் திரும்பித்தான் விழும். எழுத்து என்றால் அதை யாரும் மறக்க மாட்டார்கள். மெல்லிய தாளில் எழுதி, தாளைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் தெரிகிறபடி ரப்பரில் இறக்கிச் செதுக்குவோம். நானும் மணமக்கள் பெயரையும், வந்து வாழ்த்தியதற்கு நன்றி என்ற வரியையும் அப்படித்தான் இறக்கினேன்; கைக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். ஆனால் படத்தை நான் என்றைக்குமே கவிழ்த்துப் போட்டதில்லை. மயில் இந்தப் பக்கம் பார்த்தால் என்ன, அந்தப் பக்கம் பார்த்தால் என்ன. மாங்காய்க்கு ஏது வலது இடது. அந்தப் பழக்கத்தில் அக்காவையும் போட்டோவைப் பார்த்து நேராக ரப்பரிலேயே வரைந்துவிட்டேன். மனித உருவம் செதுக்கியது அதுதான் முதல் தடவை. மூக்குத்தி சரியாக வரவேண்டுமே என்ற ஒரே கவலையில் மற்ற எதுவும் தோன்றவில்லை.

அடிக்கும்போதாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பெரியவர்கள் படத்தின்மேல் ஏறி நிற்க மனம் வராமல், சாமி படத்துக்குச் செய்கிற மாதிரி முட்டி போட்டுக் கையை ஊன்றி அடித்தேன். ஒவ்வொரு பையை எடுத்ததும் எழுத்து உடையாமல் வந்திருக்கிறதா, கொம்பு விழுந்திருக்கிறதா, புள்ளி நிரம்பிவிட்டதா என்றுதான் பார்த்தேன். எழுத்து அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. அன்று வெளியே தூறிக்கொண்டிருந்ததால் ஹாலில் குறுக்கே கயிறு கட்டி, அடித்த பைகளை வரிசையாகக் காயப்போட்டேன். எனக்கு ஒரே பெருமை.

மின்வாரிய ஆபீஸில் வேலை பார்க்கும் என் கணவர் மதியம் சாப்பாட்டுக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கயிற்றைப் பார்த்தார்.

"அட, மதினி. மூக்குத்தி அப்படியே இருக்கு."

"ம்."

"ஏன் பீச்சாங்கையால குடுக்குறாங்க?"

கண்ணைத் திறந்து பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கண்ணும் அங்கே போய்விட்டது. கயிறு நெடுக ஒரே வரிசையில் அக்கா நின்று, இடது கையால் வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தார். மாராப்புகூட வலது தோளில் கிடந்தது. எந்தக் கையால் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு மனுஷி அறையை விட்டு வெளியே வர மறுக்கிறாரோ, அந்தக் கையை மைபூசி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். அதுவும் நான். குங்குமச் சிமிழ் நீட்டி வாங்கிக் கட்டிக்கொண்ட நான். வேண்டுமென்றே செய்தேன் என்று சொந்தத்தில் ஒருத்தர் விடாமல் சொல்வார்கள், அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்வேன்.

"எடுத்து உள்ள வைங்க, சீக்கிரம்" என்றேன்.

"மை காயலியே."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அன்று புதன்கிழமை என்பதையே மறந்திருந்தேன். புதன்கிழமை தோறும் அக்காவை அத்தான் பிசியோதெரபிக்குப் புதுக்கோட்டை கூட்டிவருவார். முடிந்ததும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போவார்கள்.

அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா உள்ளே வந்தார். கயிற்றுக்குக் குனிய முடியாது அவரால்; அதனால் முதல் பைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். நான் அவர் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு இது?"

வேறு யாரோ என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மூக்குத்தியை அவ்வளவு நன்றாகச் செதுக்கித் தொலைத்திருந்தேன்.

"நீங்கதான்க்கா."

அக்கா திரும்பிப் பார்த்தார். "கிரகப்பிரவேசத்துல எல்லாரும் சிரிச்சாங்களே, அதுக்கா?"

அவருக்கும் அது மறக்கவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "இல்லக்கா, சத்தியமா இல்லக்கா. வலது கைதான் வரைஞ்சேன். திருப்பிப் போட மறந்துட்டேன், மாறி விழுந்துருச்சு" என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நொண்டிச் சாக்காகத்தான் கேட்டது. கடைசியில் ஓடிப்போய்க் கட்டையைத் தூக்கிவந்து, மையோடு அவர் முன்னால் நீட்டினேன். இரண்டு கையாலும்தான் நீட்டினேன், அதில் மட்டும் கவனம் இருந்தது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கட்டையைப் பார்த்தார். கட்டையில் இருந்த அக்கா வலது கையால் கொடுத்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார். மறுபடி கட்டையைப் பார்த்தார்.

"அந்தக் கண்ணாடிய எடுங்க" என்று அத்தானிடம் சொன்னார்.

பிசியோதெரபிக்குக் கொண்டுபோகும் பையில் எப்போதும் ஒரு முகக்கண்ணாடி இருக்கும். அக்காவின் பயிற்சிக்கு அதுதான் சாமான். மேசை நடுவில் கண்ணாடியை நிறுத்தி, வராத கையை அதன் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல கையை முன்னால் வைத்து மடக்கி நீட்டச் சொல்வார்கள். கண்ணாடிக்குள் தெரிகிற இடது கை, பார்ப்பதற்கு வலது கை மாதிரியே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து மூளை ஏமாந்து, ஒருநாள் வலது கையையும் அசைக்கும் என்பது அவர்கள் சொல்வது. மாதக்கணக்கில் ஏமாற்றியும் கட்டைவிரல் மட்டும்தான் கொஞ்சம் துடித்தது.

அக்கா கண்ணாடியைப் பைக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடிக்குள் வலது கை. எடுத்தார். துணியில் இடது கை. திரும்பவும் பிடித்துப் பார்த்தார்.

"தெனமும் இதத்தான பாக்குறேன்" என்றார். "கண்ணாடிக்குள்ள ஜம்முன்னு ஆடுது. எடுத்துட்டா இந்தா, இதுதான்." மடியில் கிடந்த கையைக் கண்ணால் காட்டினார்.

நான் அடுப்படிக்குப் போய் அப்பளம் பொரித்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா ஸ்பூனை எடுத்தார். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை ஹாலில் இருக்கிறது, சாத்துவதற்குக் கதவு கிடையாது. என் கணவர் தட்டை விட்டுத் தலையே தூக்கவில்லை. ரசம் ஊற்றும்போது நான் சொன்னேன், "வேற கட்டை வெட்டிடுறேன்க்கா. கவுத்துப் போட்டு வரைஞ்சா வலது கையாவே விழுந்துரும். இன்னும் நாள் இருக்கு."

"வேணாம்."

"ரெண்டு நாள்ல முடிச்சுருவேன்க்கா."

"வேணாங்குறேன்ல." ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். "பையில வலது கைய போட்டுட்டு, நான் வாசல்ல நின்னு இடது கையால நீட்டுனா, வாங்குறவ என்ன பண்ணுவா? பையப் பார்ப்பா, என்னையப் பார்ப்பா. எப்படி இருந்த பொம்பள இப்படி ஆயிருச்சேன்னு உச்சுக்கொட்டுவா. மண்டபம் பூரா உச்சுக்கொட்டுறதக் கேக்கவா நான் நிக்கணும்? இதுன்னா படத்துலயும் இந்தக் கை, ஆளுக்கும் இந்தக் கை. சரியாப் போச்சு."

ரசக் கரண்டியோடு நின்றுவிட்டேன். கையைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. நினைத்தபடி சரியாக அடித்திருந்தேன் என்றால், ஊர் முழுக்க அக்காவுக்காகப் பரிதாபப்படுவதற்கு நானே பை போட்டுக் கொடுத்திருப்பேன். தப்பாக விழுந்ததால் தப்பித்தேன். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

வாசலில் நின்று நீட்டினால் என்று அக்கா சொன்னதை, அதாவது வாசலுக்கு வரச் சம்மதித்துவிட்டதை, அத்தானும் கவனித்துவிட்டார். ஆனாலும் பயந்தார். "சம்பந்தி வீட்ல ஏதும் நெனச்சுக்குவாங்களோ?"

"நெனச்சா எங்கிட்டக் கேக்கச் சொல்லுங்க" என்ற அக்கா, என் பக்கம் திரும்பினார். "மாராப்ப மட்டும் மாத்து. எவ அந்தத் தோள்ல போடுவா? கை போனா போகுது, சேலை கட்டத் தெரியாதவன்னு பேரு வாங்கணுமா எனக்கு?"

அடித்து முடித்த பைகளில் அதை மாற்ற முடியாது. அவை இன்றும் எங்கள் வீட்டில் வெங்காயம் சுமந்துகொண்டிருக்கின்றன. கட்டையில் பழைய மாராப்புக் கோட்டைச் செதுக்கி எடுத்துவிட்டு, மறு தோளில் மெல்லிசாக ஒரு ரப்பர்க் கீற்றை வெட்டிச் செருப்புக்குப் போடும் பசையால் ஒட்டினேன். பார்த்தால் ஒட்டு தெரியாது.

அடுத்த புதன்கிழமை அக்கா வந்தபோது மிச்சப் பைகளை அடிக்க எல்லாவற்றையும் ஹாலிலேயே எடுத்து வைத்திருந்தேன். பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன். கம்பளியை மேசைமேல் விரித்து, பைக்குள் அட்டையைச் செருகி, கட்டையைக் கவிழ்த்தேன்.

"நீ ஏறி நிப்பேன்னு சொன்னாங்க?"

"சும்மா படத்துக்கு நிப்பேன். ஒங்க மேல எப்படிக்கா நிக்கிறது?"

"நின்னா என்ன, படத்துக்கு வலிக்கவா போகுது?" என்றவர், நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். இடது கையால் தன் வலது கையைத் தூக்கினார், ஏதோ ஒரு சாமானைத் தூக்குகிற மாதிரி. அதைக் கட்டையின்மேல் உள்ளங்கை பட வைத்தார். அதன்மேல் இடது கையை வைத்து, எழுந்து, உடம்பை முன்னால் சாய்த்து அழுத்தினார். நான் கட்டை நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். தூக்கிப் பார்த்தால் படம் விழுந்திருந்தது. வலது ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கல்.

"அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் பாரம் வேணும்க்கா."

"அந்தக் கைக்குப் பாரம் இருக்கு. சொன்னாக் கேக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்" என்றார்.

அடுத்த பையில் அந்த ஓரமும் விழுந்தது. அன்று பிசியோதெரபியில் செய்ததைவிட எங்கள் வீட்டில் அதிகம் செய்தார் என்று அத்தான் சொன்னார். கை குணமாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், இன்றுவரை ஆகவில்லை. கட்டையை அழுத்த அது வலிக்காத ஒரு மெத்தையாக இருந்தது, அவ்வளவே. ஆனால் பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கை ஒரு வேலையில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். மை பிசுபிசுத்த அந்த விரல்களை நான் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன்.

கல்யாணம் கந்தர்வக்கோட்டை மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடித்துப் பந்தி தொடங்கியதும் வாசலில் மேசை போட்டுப் பைகளைக் கொண்டுவந்து அடுக்கினோம். ஒவ்வொன்றிலும் தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு மஞ்சள் பொட்டலம் போட்டு எடுத்து வைப்பது என் வேலை. அக்கா வருவாரா என்று பாப்பா மேடையிலிருந்தே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோக்காரர் அவளை நேராகப் பார்க்கச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

முதல் பந்தி எழும் நேரத்தில் அக்கா வந்தார். அரக்குப் பட்டு, கொண்டையில் மல்லிகை, மாராப்பு சரியான தோளில். வலது கையைச் சேலை மடிப்புக்குள் செருகியிருந்தார். மேசையில் இடுப்பைச் சாய்த்து நின்றுகொண்டு, முதல் பையை இடது கையால் எடுத்து நீட்டினார். "சாப்டீங்களா? பாயாசம் ரெண்டாவது தடவை வாங்குனீங்களா? மகன் சிங்கப்பூர்லருந்து எப்ப வர்றாரு?" அந்தப் பழைய கேள்விகள் எல்லாம் வந்துவிட்டன. வாங்கினவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் பையைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள். உச்சுக்கொட்டிய சத்தம் ஒன்றும் என் காதில் விழவில்லை.

தேங்காய் போட்ட பை கனக்கும். கொஞ்ச நேரத்தில் அக்காவின் கை தாழ ஆரம்பித்தது. படத்தில் அந்த முழங்கையைத் தொட்டுக்கொண்டு இன்னொரு கை இருந்தது. நின்றுகொண்டிருந்த அக்காவுக்கு அது இல்லை. நான் அவர் முழங்கைக்குக் கீழே என் கையைக் கொடுத்துத் தாங்கினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையைத் தள்ளிவிடவும் இல்லை.

அப்போது நார்த்தாமலையிலிருந்து வந்திருந்த தூரத்து உறவுக்கார அம்மா ஒருவர் பை வாங்க வந்தார். அக்காவைவிட மூத்தவர், வழக்கம் முறை எல்லாவற்றிலும் அக்காவுக்கே சொல்லிக்கொடுக்கக்கூடியவர். நீட்டிய கையைப் பார்த்ததும் அவர் கை பாதியில் நின்றது.

"பரவால்ல, நீ மேசையில வையி. நான் எடுத்துக்கிறேன்" என்றார். குரலில் இரக்கம்தான் இருந்தது, குத்தல் இல்லை.

என் கையில் அக்காவின் முழங்கை இன்னும் கனத்தது. இதோ, கையை இறக்கிவிடுவார், அறைக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். அக்கா கையை இறக்கவில்லை. பையில் இருந்த படம் அந்த அம்மாவுக்கு நேராகத் தெரிகிற மாதிரி இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

"வாங்கிக்கங்க சின்னம்மா. இந்தா பையிலயே போட்டுருக்குல்ல, எங்க வீட்டு வழக்கம் இது."

அந்த அம்மா பையை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அடுத்த பைக்குக் கையை நீட்டினார். தேங்காயை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டே இருந்தேன். அந்த வழக்கத்தின் மை காய்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.